மயங்கிய டைவருக்கு ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டால் போதுமா?

கேள்வி கேட்டவர் ஸ்கூபா படிக்க அந்தமான் வருகிறாராம். நினைவில்லாமல் தூக்கி வரப்படும் டைவருக்குப் படகில் ஆக்சிஜன் எப்படித் தருவார்கள், மாஸ்க் போதுமா என்கிறார்.

போதாது. அவர் மூச்சு விடுகிறாரா இல்லையா என்பதைப் பார்க்காமல் சிலிண்டரைத் தொடவே கூடாது. மாஸ்க் என்பது மூச்சு விடுகிறவருக்கான பொருள். மூச்சு நின்றவரின் முகத்தில் அதை மாட்டினால் ஆக்சிஜன் பக்கவாட்டில் வழிந்து கடற்காற்றோடு கலந்துவிடும், நுரையீரலுக்குள் ஒரு சொட்டும் போகாது. ஹேவ்லாக்கில் (2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறியது, படகுத் துறையில் இன்னும் ஹேவ்லாக்தான்) டைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். மீட்புப் பயிற்சிக்கு வருபவர்களில் பலருக்கு முதலில் கை போவது சிலிண்டர் பெட்டிக்குத்தான்.

வேலை தண்ணீரிலேயே தொடங்கிவிடுகிறது. ஆளை மல்லாக்கத் திருப்பி, எடையைக் கழற்றிவிட்டு, ஜாக்கெட்டில் காற்றேற்றி மிதக்கவிட வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து மூச்சைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அதற்கப்புறம் இழுப்பதா ஊதுவதா என்ற குழப்பம் வரும். கடலடி மற்றும் உயர் அழுத்த மருத்துவச் சங்கத்தின் டைவிங் குழு 2012இல் இதற்கு ஒரு வழி சொன்னது. ஐந்து நிமிடத்துக்குள் படகையோ கரையையோ எட்டிவிடலாம் என்றால் இடையிடையே ஊதிக்கொண்டே இழுங்கள். அதைவிடத் தூரம் என்றால் ஒரு நிமிடம் ஊதிப் பாருங்கள்; பலனில்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு, ஊதுவதை நிறுத்திவிட்டு இழுங்கள். தண்ணீரில் மார்பை அழுத்த முடியாதே, அதனால்தான்.

படகில் ஏற்றிய பிறகும் மூச்சில்லை என்றால் ஐரோப்பிய வழிகாட்டியின்படி முதலில் 5 மூச்சு, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாமல்தான். எனவே வெறும் மார்பு அழுத்தம் மட்டும் இங்கே சரிப்படாது. வாயில் நுரை பொங்கும். துடைத்து மாளாது, அதன் மேலேயே ஊத வேண்டும். வாந்தி வந்தால் மட்டும் ஒருக்களித்துத் திருப்பி வாயைச் சுத்தம் செய்யுங்கள். எப்போதாவது ஒருமுறை வாயைப் பிளந்து இழுப்பதை மூச்சு என்று நம்பிவிடாதீர்கள்.

ஆக்சிஜன் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. நாம் ஊதும் காற்றில் ஆக்சிஜன் 16-17 சதவீதம்தான். வாயோடு வாய் வைக்காமல் முகத்தில் அழுத்தி அதன் வழியாக ஊதும் பாக்கெட் மாஸ்க்கின் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் முனை இருக்கும். அதில் சிலிண்டர் டியூபைச் செருகி நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிட்டு ஊதினால் அது ஏறக்குறைய 50 சதவீதமாகும். ஆக்சிஜன் சேரும் பையோடு கூடிய ஆம்பு பேக் (கையால் பிதுக்கி மூச்சு ஊட்டும் கருவி) இதைவிட அதிகம் தரும். ஆனால் ஆடும் படகில் ஒரே ஆள் மாஸ்க்கையும் அழுத்திப் பிடித்துப் பையையும் பிதுக்குவது நடக்காத காரியம். இரண்டு பேர் வேண்டும். எனக்கு பாக்கெட் மாஸ்க்தான் பிடிக்கும். ஆளைத் தேடிக்கொண்டோ, குழாயை மாட்டும்வரையோ ஊதாமல் காத்திருப்பதுதான் இதில் ஆகவே கூடாதது.

டைவிங் கடைகள் பெருமையாகக் காட்டும் டிமாண்ட் வால்வு வேறு கதை. நினைவோடு இருப்பவருக்கு அதைவிட நல்லது இல்லை: கிட்டத்தட்ட 100 சதவீதம் கிடைக்கும், சிலிண்டரும் வீணாகாது. ஆனால் அது ஸ்ட்ரா போட்ட இளநீர் மாதிரி, உறிஞ்சினால்தான் வரும். மூச்சில்லாதவர் எப்படி உறிஞ்சுவார்?

மூச்சு இருக்கிறது, நினைவுதான் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பை வைத்த நான்-ரீப்ரீதர் மாஸ்க் (விட்ட மூச்சு திரும்ப உள்ளே போகாத வகை), நிமிடத்துக்கு 15 லிட்டர். பை முதலில் நிறையட்டும், பிறகு முகத்தில் வையுங்கள். காலைத் தூக்கித் தலையைத் தாழ்த்தும் பழைய முறையைக் கைவிட்டாயிற்று.

மேலே வந்த சில நிமிடங்களுக்குள் ஒருவர் மயங்கினால் நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழ் மூளைக்குப் போயிருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இங்கே ஆக்சிஜன் இரண்டு வேலை செய்கிறது. குமிழுக்குள் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குறையும், குமிழிலிருந்து அது வெளியேறும். பால் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878லேயே சொன்ன விஷயம் இது. அதோடு பட்டினி கிடக்கும் திசுவுக்கும் ஆக்சிஜன் போகும். அதனால்தான், ஆக்சிமீட்டரில் 99 காட்டுகிறது, மாஸ்க்கை எடுத்துவிடலாம் என்ற பேச்சே கூடாது. கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் கையிலும் அந்தக் கிளிப் இருக்கிறது. அது குமிழைக் காட்டாது. ஆள் எழுந்து உட்கார்ந்து 'நல்லாயிருக்கேன்' என்றாலும் மாஸ்க் இருக்கட்டும். கொஞ்ச நேரம் தெளிந்து மறுபடி மோசமாவது இந்த நோயின் வழக்கம்.

கணக்கும் போட்டு வையுங்கள். மருத்துவ ஆக்சிஜனின் பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். 15 லிட்டர் வீதம் 100 நிமிடம். ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) படகிலேயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். துறைமுகத்தில் காத்திருப்பதும் ஆம்புலன்ஸும் தனி. எனவே ஒரு சிலிண்டர் வைத்திருக்கும் கடையிடம் இரண்டாவது எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். பாக்கெட் மாஸ்க்கையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வாங்கும் கான்சன்ட்ரேட்டரைக் காட்டினால் வேறு கடை பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை 5 அல்லது 10 லிட்டருக்கு மேல் தராது, மின்சாரமும் வேண்டும்.

சிலிண்டரைத் திறக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள், எண்ணெய்ப் பிசுக்கோ சன்ஸ்கிரீனோ உள்ள கையோடு வால்வைத் தொடாதீர்கள். ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) அதிர்ச்சி கொடுக்கும் நேரத்தில் மட்டும் மாஸ்க்கை மார்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஆக்சிஜன் தொடங்கிய நேரத்தை எழுதி, அவருடைய டைவ் கம்ப்யூட்டரோடு (ஆழத்தையும் நேரத்தையும் பதிந்து வைக்கும் கருவி) மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அவரோடு இறங்கிய ஜோடியையும் மறக்காதீர்கள். அதே ஆழத்தில் இருந்து, அவரைத் தூக்கிக்கொண்டு அதே வேகத்தில் மேலே வந்தவர் அவர். அவருக்குக் கை மரத்தாலோ தலை சுற்றினாலோ இரண்டாவது சிலிண்டர் அவருக்குத்தான்.