தேடலில் பகுதிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தனியாக ஒரு சிறிய தளம் நடத்துகிறேன். கட்டுரை, கதை, மொழிபெயர்ப்பு, கேள்வி பதில் எல்லாம் சேர்த்து 400 பக்கங்களுக்கு மேல் ஆகிவிட்டது. தேடும் வசதி இல்லை. உங்கள் தளத்தில் ஒரு சொல்லைத் தேடினால் கட்டுரைகளில் எத்தனை, கதைகளில் எத்தனை என்று பிரித்துக் காட்டுகிறது. செலவில்லாமல் என் தளத்திலும் அப்படி வைக்க முடியுமா? தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்து, எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று வாசகரையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செலவே இல்லாமல் வைக்கலாம். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பட்டியலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தேட வருகிறவர் கையில் இருப்பது ஒரு சொல், அல்லது எப்போதோ படித்த அரை வரி. அதைக் கட்டுரையில் படித்தாரா கேள்வி பதிலில் படித்தாரா என்பது அவருக்கு நினைவிருக்காது, இருந்தால் நேராக அந்தப் பகுதிக்கே போயிருப்பார். அவரிடம் போய் எந்தப் பகுதி என்று கேட்டால் குத்துமதிப்பாக ஒன்றைத் தொடுவார், 'முடிவுகள் இல்லை' என்று வரும், இந்தத் தளத்தில் அது இல்லை போல என்று கிளம்பிவிடுவார். அவர் தேடியது அடுத்த பகுதியில் இருந்திருக்கும். அதனால் முதலில் எல்லாவற்றிலும் தேடட்டும். முடிவுகள் வந்த பிறகு பக்கத்தில் கட்டுரை 12, கதை 3, கேள்வி பதில் 7 என்று காட்டுங்கள். அந்த எண்களைப் பார்த்ததுமே எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இனி கருவி. உங்கள் பக்கங்கள் எச்டிஎம்எல் கோப்புகளாக இருந்தால் நான் சொல்வது பேஜ்ஃபைண்ட். 2022இல் வந்த திறந்த மூல நிரல், நான் வைத்திருப்பதும் அதுதான். தளத்தைக் கட்டி முடித்ததும் அதை ஒருமுறை ஓட்டினால் எல்லாப் பக்கங்களையும் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை தயாரித்து, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி உங்கள் தளத்துக்குள்ளேயே வைத்துவிடும். வாசகர் தேடும்போது தேவையான துண்டுகள் மட்டும்தான் அவருடைய உலாவிக்கு வரும். 10,000 பக்கத் தளத்தில் தேடினாலும் மொத்தம் 300 கிலோபைட்டுக்குள் முடியும் என்று அதை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள், உங்கள் 400 பக்கத்துக்கு அது ஒன்றுமே இல்லை. தனி சர்வர் வேண்டாம், விளம்பரம் வராது. ஒன்று மட்டும் கவனம்: புதிதாக ஒன்றைப் போட்டதும் அதை மறுபடி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதியது தேடலில் வராது.

வேர்ட்பிரஸ் என்றால் அதற்குள்ளேயே தேடல் இருக்கிறது, பகுதி வாரியாகச் சுருக்கவும் முடியும். கூகுள் தரும் இலவசத் தேடலிலும் முகவரியை வைத்துப் பகுதி பிரிக்கலாம், ஆனால் முடிவுகளோடு விளம்பரமும் வரும், கூகுள் இன்னும் எடுத்துக்கொள்ளாத பக்கம் கிடைக்கவே கிடைக்காது. நேற்று எழுதியதை இன்று தேடுகிறவருக்கு அது உதவாது.

பேஜ்ஃபைண்டில் பகுதி பிரிப்பது எளிது. ஒவ்வொரு பக்கத்திலும் பகுதியின் பெயர் இருக்கும் இடத்தில் எச்டிஎம்எல் குறிக்குள் டேட்டா-பேஜ்ஃபைண்ட்-ஃபில்டர் (data-pagefind-filter) என்ற பண்பைச் சேர்த்தால் போதும், பெயர்களையும் எண்ணிக்கையையும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் இரண்டு பகுதியில் இருக்கலாம். உண்மையான வேலை 400 பக்கங்களையும் உட்கார்ந்து பிரிப்பதுதான். நான்கைந்து பகுதிக்கு மேல் போகாதீர்கள். 'சிந்தனைகள்', 'பல்சுவை' மாதிரிப் பெயர்கள் வேண்டாம், அதற்குள் என்ன இருக்கும் என்று வெளியிலிருந்து வருகிறவருக்குப் புரியாது. உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிய நான்கு பெயர்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றையே வையுங்கள்.

அப்புறம், பக்கவாட்டில் 'சமீபத்தியவை' என்று தலைப்புகள் ஓடுகின்றனவா? அப்படியென்றால் அந்தத் தலைப்பில் உள்ள சொல்லைத் தேடுகிறவருக்கு 400 பக்கமும் முடிவாக வந்து நிற்கும், ஏனென்றால் எல்லாப் பக்கத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. பகுதி எண்ணிக்கையும் அதோடு கெட்டுப்போகும். எழுத்து இருக்கும் இடத்துக்கு மட்டும் டேட்டா-பேஜ்ஃபைண்ட்-பாடி (data-pagefind-body) என்று குறி போட்டுவிடுங்கள், மற்றதை விட்டுவிடும். ஆனால் ஒரு பக்கத்தில் அந்தக் குறியைப் போட்டுவிட்டால், குறி இல்லாத பக்கங்கள் தேடலில் சேரவே சேராது. அதனால் எல்லாப் பக்கத்திலும் போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கென்று சில தொல்லைகள் உண்டு, அதில் நான் நிறைய நாட்களை இழந்திருக்கிறேன். முதலில் போட்ட வேறொரு இலவச நிரலில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. சொல்லின் இரு ஓரத்திலும் ஒட்டியிருக்கும் நிறுத்தக்குறிகளை அது வெட்டும், ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாத எல்லாமே அதற்கு நிறுத்தக்குறிதான், அப்படி வெட்டி வெட்டித் தமிழ்ச் சொல்லில் ஓர் எழுத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் சோதனையைத் தமிழ்ச் சொல்லில் செய்யுங்கள். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் மொழிக்குறியையும் (lang) பாருங்கள், பல வார்ப்புருக்களில் அது ஆங்கிலம் என்றே இருக்கும், தமிழ் என்று மாற்ற வேண்டும்.

இன்னொன்று ஔகாரம். பலர் 'ஔவை' என்பதில் முதல் எழுத்தை ஒ, ள என்று இரண்டாக அடித்து 'ஒளவை' என்று எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. அந்தச் சொல்லை முழுதாகத் தேடித் திருத்துங்கள். வெறும் 'ஒள' என்பதை மொத்தமாக மாற்றினால் ஒளி, ஒளிந்தான் எல்லாம் கெட்டுவிடும்.

வேற்றுமை உருபும் அப்படித்தான். 'மரம்' என்று தேடுகிறவருக்கு 'மரத்தில்' வருமா என்று கட்டாயம் சோதித்துப் பாருங்கள், மகர மெய் போய் அத்து வந்துவிடுகிறது, 'வீடு' என்பதும் 'வீட்டில்' ஆகும்போது மாறிவிடுகிறது. வரவில்லை என்றால் பெட்டிக்குக் கீழே 'சொல்லின் முதல் சில எழுத்துகளை மட்டும் அடித்தும் பார்க்கலாம்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். என் தளத்தில் அந்த வரி இருக்கிறது.

400ஐயும் ஒரே நாளில் தொடாதீர்கள். பகுதிக்கு ஐந்து பக்கம் எடுத்துப் பெயர் போட்டு, தேடலை ஓட்டி, தளத்தை நன்றாகத் தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள். அவர் என்ன சொல் அடிக்கிறார், எங்கே நின்று யோசிக்கிறார் என்று பார்த்த பிறகு பகுதிப் பெயர்களில் ஒன்றிரண்டை மாற்றத் தோன்றும். மாற்றிவிட்டு மிச்சத்தைத் தொடங்குங்கள். நடுவில் எங்கேயாவது நின்றால் எழுதுங்கள்.

அன்புடன்