பச்சைத் தண்டை வில்லுக்குப் பதப்படுத்துதல்

கேள்வி: இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகருக்கு அருகே வசிக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் நண்பர் ஒருவரின் நிலத்தில், அவருடைய அனுமதியோடு ஹேசல் புதரிலிருந்து ஒரு தண்டை வெட்டி, பட்டையோடு முழுதாகக் காரேஜில் ஆறு மாதம் காயவைத்தேன். நீளவாக்கில் ஆழமாக ஒரு வெடிப்பு விழுந்தது. வெடிக்காத பக்கத்தில் செதுக்கிய வில்லும், சிறிது பழகியதுமே, நாணை அவிழ்த்த பிறகும் வளைந்தபடியே நின்றுவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் வெட்ட எண்ணியிருக்கிறேன். எவ்வளவு காலம் காயவைக்க வேண்டும்?
– வாசகர், ஷெஃபீல்டு

பதில்: உங்களுக்கு நேர்ந்த இரண்டு தொல்லைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு. வில் வளைந்தே நின்றுபோனதை முதலில் பார்ப்போம், ஏனெனில் ஆறு மாதம் காய்ந்த தண்டு காய்ந்துதான் இருக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

மரம் தன்னைச் சூழ்ந்திருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பவே காயும். அதற்கு மேல் எத்தனை மாதம் வைத்திருந்தாலும் காயாது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் இடத்தில், மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். 65 விழுக்காட்டுக் காற்றில் 12 வரைக்கும், 50 விழுக்காட்டுக் காற்றில் 9 வரைக்கும் இறங்கும். வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10 விழுக்காடு. இங்கிலாந்தின் குளிர்காலத்தில், வெப்பமூட்டாத காரேஜின் காற்று பல நாட்கள் 80 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும் என்பதால், தண்டு ஆறு மாதம் அல்ல, ஆறு ஆண்டுகள் அங்கே கிடந்தாலும் வில்லுக்குரிய உலர்ச்சியை எட்டியிராது. ஈரம் மிஞ்சிய மரத்தை வளைக்கும்போது, எய்பவரை நோக்கியிருக்கும் உள்முகத்தின் நார்கள் நசுங்கி, பழைய நிலைக்குத் திரும்பாமல் போகின்றன. உங்கள் வில்லுக்கு நேர்ந்தது இதுதான்.

அடுத்தது வெடிப்பு. பச்சை மரத்தின் நுண்ணறைகளுக்குள் தேங்கியிருக்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது மரம் சுருங்குவதில்லை. ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, அறைச்சுவர்களின் நீரும் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஏற்படுகிறது. அந்தச் சுருக்கம் ஆண்டு வளையத்தின் போக்கில், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும். உருண்டையான தண்டு இந்த வேறுபாட்டைத் தாங்க வழியில்லாமல், நடுவிலுள்ள மென்மையான சோறு வரை பிளந்துகொள்கிறது. ஆகவே வெட்டிய அன்றோ, மறுநாளோ தண்டை ஆப்பு வைத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். பிளந்த பாதி காயும்போது அதன் தட்டையான முகம் இலேசாக மேடிடுவதைக் கையால் தடவியே உணரலாம். தண்டை வெடிக்கச் செய்த இழுவிசை இப்போது அந்த மேட்டோடு அடங்கிவிடும்.

பிளப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. மரம் தன் நீரைப் பக்கவாட்டில் மெதுவாகவும், வெட்டுமுனை வழியே பல மடங்கு வேகமாகவும் இழக்கும். எனவே புதரருகே நிற்கும்போதே இரு முனைகளிலும் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசிவிடுங்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மயிரிழை வெடிப்புகள் தொடங்கிவிடக்கூடும். வில்லின் நீளத்துக்கு மேல் ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் மிகுதியாக விட்டு வெட்டுவதும் நல்லது.

குளிர்காலத்தில் வெட்டினால் அடிக்கட்டை வசந்தத்தில் செழிப்பாகத் துளிர்க்கும், பறவைகளின் கூடுகளுக்கும் இடையூறு நேராது. ஆனால் அப்போது பட்டை மரத்தோடு இறுகியிருக்கும். கூரிய கத்தியால் அவசரமாகச் சீவினால் பட்டைக்கு அடியிலுள்ள ஆண்டு வளையம் அறுபடும். அதுதான் வில்லின் வெளிமுகமாக நின்று முழு இழுவிசையையும் தாங்கப்போவது. கத்தியின் மழுங்கிய முதுகால் பொறுமையாகச் சுரண்டுங்கள், கணுக்களின் மேல் இன்னும் மெதுவாக. பட்டை நீங்கியதும் அந்த முகம் முழுவதும் பசை பூசிவிடுங்கள். பட்டையை எடுப்பதால், அதன் அடியில் குடியேறும் வண்டுகளின் தொல்லையும் குறையும்.

அதன்பின் பச்சையாக இருக்கும்போதே வில்லின் வடிவத்துக்குத் தோராயமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹேசல் வில் அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதே பொருத்தம் என்பதால், சுமார் 5 சென்டிமீட்டர் அகலமும் 2.5 சென்டிமீட்டர் கனமும் விட்டு மற்றதைக் கோடரியால் எடுத்துவிடலாம். பச்சை மரத்தில் அரை மணியில் முடியும் இந்த வேலை காய்ந்த மரத்தில் அரை நாளை விழுங்கும். மெலிந்த கட்டை காய்வதும் விரைவு. காயும்போது முறுக்கிக்கொள்ளாதபடி அதை நேரான பலகையொன்றில், காற்றோட்டத்துக்கு இடையிடையே சிறு துண்டுகள் செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.

முதல் சில வாரங்களுக்கு உங்கள் காரேஜே தக்க இடம், ஏனெனில் பச்சை மரத்துக்கு அந்த ஈரக்காற்றுதான் பாதுகாப்பு. வற்றல் போடுவதைப் போலக் கடும் வெயிலிலோ ரேடியேட்டரின் மேலோ வைத்தால் மேற்புறம் மட்டும் சுருங்கி வெடிக்கும். பிறகு வீட்டுக்குள், வெப்பமூட்டிய அறையில், ரேடியேட்டருக்குத் தொலைவாக வையுங்கள். வாரம் ஒருமுறை பலகையிலிருந்து அவிழ்த்து, சமையலறைத் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் பென்சிலால் கட்டையின் உள்முகத்திலேயே எழுதி வாருங்கள். முதலில் எண்கள் விரைந்து இறங்கும், பிறகு தயங்கும். வீட்டுக்குள் வந்த பின் இரண்டு வாரங்கள் தொடர்ந்து ஒரே எடை நின்றால், அந்த அறையின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியிருக்குமானால் செதுக்கத் தொடங்கலாம். 30 விழுக்காடாகக் குறைந்திருந்தால் மட்டும் காத்திருங்கள், மரம் 6 விழுக்காடு வரை வறண்டு, இழுவையில் முறியும் நிலையில் இருக்கும்.

கேள்வி: அதே புதரின் விரற்கனத் தளிர்த்தண்டுகளை அம்புக்குப் பயன்படுத்தலாமா? அவற்றையும் பிளக்க வேண்டுமா?
– அதே வாசகர்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், பிளக்கத் தேவையில்லை. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓட்சி என்ற மனிதரின் அம்பறாத்தூணியில் 14 அம்புத்தண்டுகள் இருந்தன. வைபர்னம் என்ற புதரின் தண்டுகளே அவற்றில் மிகுதி. இரண்டு மட்டுமே முழுமை பெற்றவை. உடனிருந்த 1.8 மீட்டர் நீள யூ மர வில்லும் முடிக்கப்படாததே.

தளிர்களைப் பட்டையோடு பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து இறுக்கிக் கட்டிவைத்தால், ஒன்றையொன்று நேராகப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காயும். காயக்காயக் கட்டு தளரும் என்பதால் சில நாட்களுக்கு ஒருமுறை கயிற்றை இறுக்க வேண்டும். எஞ்சியிருக்கும் கோணலைப் பட்டை நீக்கிய பின் தணலுக்கு மேல் காட்டி, கை பொறுக்காத சூட்டில் எதிர்ப்புறமாக வளைத்து, ஆறும் வரை அப்படியே பிடித்திருந்தால் நிமிர்ந்துவிடும்.