பதில்: ஏத்தன் (நேந்திரம்) பழம் மேலே மஞ்சள், உள்ளே கட்டி

நாகர்கோவில் கடையில் வாங்கிய ஏத்தன் பழம் பளபளன்னு மஞ்சளா இருந்தும் உள்ளே கட்டியா, இனிப்பில்லாம இருந்துச்சு, கார்பைடு கல் வெச்சுப் பழுக்க வெச்சதான்னு கேட்டிருக்கீங்க.

காம்பு பச்சையா இருந்தா கார்பைடுன்னு சொல்றதை அப்படியே நம்பாதீங்க. கார்பைடுக்குத் தடை இருக்கு. பழுக்க வைக்கிற எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. எத்திலீன்ல பழுத்ததுக்கும் காம்பு பச்சையா நிற்கலாம். உங்க பழம் விளையும் முன்னே வெட்டின குலையா இருக்கும். மாவுச்சத்து சேராத காய்க்குத் தோல் மட்டும் மஞ்சளாகும், இனிப்பு ஏறாது.

வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பாருங்க. ஏத்தனுக்கு விளைஞ்சாலும் விளிம்பு கொஞ்சம் தெரியும். ஆனா கூர்மையா, பக்கம் ஒட்டிப்போய் இருந்தா வேண்டாம். மட்டி, ரசகதலி வாழைன்னா உருண்டு திரண்டிருக்கணும். காம்பு வெடிச்ச சீப்பையும் தள்ளிடுங்க, அங்கேதான் முதல்ல அழுகும்.

செங்காயா வாங்கி ரெண்டு மூணு நாள் வெளியே வையுங்க. ஃபிரிட்ஜ் வேண்டாம்: 13 டிகிரிக்குக் கீழே போனா தோல் கறுக்கும், காய் சரியா பழுக்காது. ஏத்தன் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பிறகுதான் ருசியே. அதைப் போய் அழுகல்னு ஒதுக்குறாங்க!