ஈசினோபில் (ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை) 9% என்று ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது. ஒவ்வாமை மாத்திரையான செட்ரிசின் போட்டால் குறைந்துவிடுமா?

அதை நம்பிப் போடாதீர்கள். செட்ரிசின், ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். தும்மலும் அரிப்பும் அடங்கும். ஈசினோபில் எலும்பு மஜ்ஜையில் பெருகுவதோ ஐஎல்-5 என்ற புரதத்தின் தூண்டுதலால்.

முதலில் சதவீதத்தை விடுங்கள். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை அந்தச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். மொத்தம் 5,000 என்றால் 9% வெறும் 450 தான், இயல்பு. மொத்தம் 14,000 என்றால் அதே 9% 1,260 ஆகிவிடும். மைக்ரோலிட்டருக்கு 500 வரை கவலையில்லை. 1,500 வரை லேசான உயர்வு. 5,000-ஐத் தாண்டினால் கடுமை. இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுத் தராமல் சதவீதத்தை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஆளைக் கலங்கடிக்கும் ஆய்வகங்களை என்ன சொல்வது! திரும்பப் பார்ப்பதானால் அதே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். காலையில் குறைவாகவும் இரவில் கூடுதலாகவும் இருப்பது இந்த அணுவின் வழக்கம்.

ஈசினோபில் ரத்தத்தில் ஒரு நாள்போலத்தான் இருக்கும், பிறகு திசுக்களுக்குள் போய்விடும். அதனால் ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் உணவுக்குழாயில் அது குவிந்து, விழுங்கும்போது அடைப்பதுண்டு. எண்டோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

ஈசினோபிலின் ஒரு வேலை குடற்புழு போன்றவற்றைத் தாக்குவது. புழுவை அதனால் விழுங்க முடியாது, புழு அவ்வளவு பெரிது. ஆகவே புழுவின்மேல் ஒட்டிக்கொண்டு தன் துகள்களிலுள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டுகிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்தோலை அரிப்பதும் அதே புரதங்கள்தான்.

காரணம் தேடும்போது ஒவ்வாமை, ஆஸ்துமாவோடு நின்றுவிடாதீர்கள். மருந்தும் காரணமாகலாம். கார்பமசெபின், ஃபெனிடாயின் (வலிப்புக்கு), அலோபியூரினால் (யூரிக் அமிலத்தைக் குறைக்க) போன்ற மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழு. ஒருமுறை மலம் பார்த்து ‘புழு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். இந்தப் புழு அதில் பெரும்பாலும் சிக்காது. பலமுறை பார்க்க வேண்டும், கூடவே ஆன்டிபாடி பரிசோதனையும் வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை போதாது. ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கினால், சில மணி நேரத்தில் ஈசினோபில் மளமளவென்று இறங்கும், குணமானதுபோலத் தெரியும். உள்ளே புழு கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல் வரை பரவும், உயிரே போகலாம்.

‘மருத்துவரைப் பார்க்காதே என்கிறாயா’ என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன், அவ்வளவுதான். 1,500-க்கு மேல் விடாமல் நின்றால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஈசிஜி, எக்கோ, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை. அறிகுறி ஏதுமில்லாமலேயே இதயத் தசை கெட்டுக்கொண்டிருக்கக்கூடும். மெபோலிசுமாப் போல ஐஎல்-5-ஐத் தடுக்கும் ஊசிகள் கடுமையான ஈசினோபிலிக் ஆஸ்துமா மாதிரி நோய்களுக்கானவை; 9%-க்கு அவற்றைத் தேடிப் போகாதீர்கள்.