பங்கை விற்றது செல்லும். நிலம் இன்னும் கை விட்டுப் போகவில்லை

கேள்வி: என் கணவர் கறுப்பின அமெரிக்கர். தென் கரோலினாவில் மவுன்ட் பிளசன்ட் ஊரை ஒட்டி என் மாமியாரின் தாத்தா வாங்கிய 6 ஏக்கர் இருக்கிறது. உயில் கிடையாது. 30 வருஷத்துக்கு மேலாக வரி கட்டுவது மாமியார்தான். குடும்பக் கல்லறைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் மாமியாரின் பெரியப்பா மகன், அந்த மண்ணை மிதித்தே பார்க்காதவர், தன் பங்கை 10,000 டாலருக்கு ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். இப்போது மொத்த நிலத்தையும் விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லி அந்தக் கம்பெனி வழக்குப் போட்டுவிட்டது. சம்மன் வந்து பத்து நாள் ஆகிறது. மாமியார் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. அவர் விற்றதை ரத்து செய்ய முடியுமா?

பதில்: முடியாது. அதில் காசையும் நேரத்தையும் விட வேண்டாம். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் வாரிசுகள் எல்லோருக்கும் பிரிபடாத பங்காகப் போய்விடுகிறது. ஊர்ப்பக்கம் வராதவருக்கும் அதில் பங்கு உண்டு. யாரையும் கேட்காமல் அதை விற்கவும் உரிமை உண்டு. குடும்பத்துக்குத் துரோகம் செய்தார், அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் எடுபடாது. வரி ரசீதும் மாமியாரைத் தனிச் சொந்தக்காரர் ஆக்காது. கூட்டுப் பங்காளிகளுக்கு எதிராக அனுபவ பாத்தியதையை, அதாவது நீண்ட காலம் அனுபவித்ததால் நிலம் தனக்கே சொந்தம் என்பதை, நிரூபிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். மற்றவர்களுக்கும் சேர்த்துக் கட்டிய வரியைக் கணக்கில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

உங்கள் வழக்கில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நிலத்தை விற்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்டது யார்? கம்பெனி. உங்கள் குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை. கடைசிவரை அது அப்படியே இருக்க வேண்டும்.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலங்கள் தென் கரோலினாவின் கடற்கரை நெடுக இப்படித்தான் போயின. ஒரு சின்னப் பங்கை வாங்குவார்கள், பாகப்பிரிவினை கேட்பார்கள், நிலம் ஏலத்துக்கு வரும். ரொக்கம் வைத்திருப்பவன் எடுத்துக்கொள்வான். இதைத் தடுக்கத்தான் மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்காக 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. தென் கரோலினா அதை 2016-இல் நிறைவேற்றி, 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மாநில செனட்டரும் போதகருமான கிளெமென்டா பிங்க்னியின் பெயரை வைத்தது. இதன்படி நீதிமன்றம் முதலில் நிலத்துக்கு விலை மதிப்பிட வேண்டும். அப்புறம், விற்கச் சொல்லிக் கேட்டவரின் பங்கை, கேட்காத பங்காளிகள் வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறோம் என்று சொல்ல, அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 45 நாள் உண்டு.

சட்டம் நம் பக்கம் என்று இந்த இடத்தில் குடும்பங்கள் நிம்மதியாகிவிடுகின்றன. பிறகுதான் அடி விழுகிறது.

முதலில் விலை. கம்பெனி கொடுத்த 10,000 டாலரைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. முழு நிலமும் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று வைத்து மதிப்பிட்டு அதில் பங்கைக் கணக்கிடுவார்கள். தாத்தாவுக்கு நாலு பிள்ளைகள், அந்தப் பெரியப்பாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் பங்கு பன்னிரண்டில் ஒன்று. ஒரு பேச்சுக்கு நிலம் 9 லட்சம் டாலர் என்றால் நீங்கள் கட்ட வேண்டியது 75,000. அநியாயம்தான். ஆனாலும் கட்டியாக வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பத்திரம் இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. என்னிடம் வந்த குடும்பங்கள் பெரும்பாலும் தோற்றது வாதத்தில் இல்லை, பணம் கட்டும் கெடுவில்தான். மதிப்பீடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். யார் எவ்வளவு போடுவார்கள் என்று இந்த வாரமே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது பதில் மனு. சம்மன் வந்து 30 நாளுக்குள் போட வேண்டும், உங்களுக்கு மீதி இருப்பது 20. கோபத்தில் ஏதோ ஒரு வக்கீல், ‘இல்லையென்றால் விற்று எங்கள் பங்கைக் கொடுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். அப்படி விற்கச் சொல்லிக் கேட்டவருக்கு, பங்கை வாங்கும் உரிமை போய்விடும்; அவர் பங்கும் வாங்க வேண்டிய கணக்கில் சேர்ந்துவிடும். மனுவைக் கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, மற்ற வாரிசுகள். வழக்கு நடக்கும்போதே கம்பெனியின் ஆள் ஒவ்வொருவர் வீட்டுக்கும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு போவார். இதே அளவில் கை மாறும் ஒவ்வொரு பங்கும் உங்கள் தலையில் இன்னொரு 75,000. மாமியாரையே எல்லோருக்கும் போன் போடச் சொல்லுங்கள். பணமுடையில் இருப்பவருக்குக் குடும்பமே ஒரு நியாயமான விலை சொல்ல வேண்டும்.

கல்லறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரும் பங்கை வாங்காமல், நிலத்தைத் துண்டு போட்டுப் பிரிப்பதா விற்பதா என்ற கட்டம் வந்தால், தலைமுறைகளாக இருந்த அனுபவத்தையும் பூர்விகப் பற்றையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கச் சட்டம் சொல்கிறது. படங்கள், வருஷங்கள், பெயர்கள் எல்லாம் அப்போது உதவும்.

ஆனால் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அதுவரை போக விடமாட்டேன். சமாதானம் பேசுங்கள், இப்போதே. பன்னிரண்டில் ஒன்று என்றால் அரை ஏக்கர். கல்லறையைத் தொடாத ஒரு மூலையில், ரோட்டோரமாக இருந்தாலும் பரவாயில்லை, அரை ஏக்கரைக் கொடுத்து மீதியை மீட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரு சென்ட் நிலம்கூடத் தரமாட்டேன் என்று மாமியார் சொல்வார். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் வழக்கு நீண்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணத்திலும் ஒரு பகுதியை நீதிமன்றம் உங்கள் மேல் ஏற்ற முடியும். சமரசப் பத்திரத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: மீதி நிலத்தில் கம்பெனிக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்பது ஒன்று, கல்லறைக்குப் போகும் பாதைக்கு அந்த அரை ஏக்கர் வழியாக நிரந்தர உரிமை என்பது இன்னொன்று. இரண்டையும் கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நிலப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு வழக்கை முடித்துக்கொள்ளுங்கள்.