விசாரணைக்கு அழைப்பு வந்த அன்றே: தற்காப்பு வழக்கறிஞர் குறித்த கேள்வி பதில்

சிங்கப்பூர் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில், நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் வழக்கின் நுணுக்கமான விவரங்களை உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். இங்கே எழுத வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் கொழுந்தனார் வேலை செய்யும் நிறுவனத்தில் பணம் குறைகிறதாம். விசாரணை அதிகாரி வெள்ளிக்கிழமை அவரைக் கேன்டோன்மென்ட் காவல் வளாகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். "கைது செய்யவில்லையே, வழக்கறிஞர் எதற்கு?" என்கிறார் அவர்.

அவர் வெளியே இருக்கும் இந்த ஓரிரு நாள்களை விட்டால் இதைவிட நல்ல நேரம் வாய்க்காது, அம்மா. "என் வக்கீல் வந்தால்தான் வாய் திறப்பேன்" என்று திரைப்படத்தில் பேசுவதைக் கேட்டுவிட்டு, இங்கும் அப்படித்தான் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விசாரணை அறையில் வழக்கறிஞரும் உடன் அமரும் வழக்கம் சிங்கப்பூரில் இல்லை. அதிகாரி கேட்பார், இவர் சொல்வார், சொன்னது எழுத்தாகும், இவர் கையெழுத்திடுவார். பல மாதங்கள் கழித்து வழக்கு நடக்கும்போது அரசுத் தரப்பு எடுத்து வைப்பது அந்தக் கையெழுத்துள்ள தாளைத்தான். எனவே ஆலோசனையை அறைக்குள் போவதற்கு முன்பே பெற்றுவிட வேண்டும்.

அழைப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பொய் சொல்லவே கூடாது. ஆனால், தம் மீதே குற்றச்சாட்டு வர இடமளிக்கும் எதையும் சொல்லும் கட்டாயம் அவருக்கு இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொள்வதற்கும், தமக்கு நேரடியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துக்கொள்வதற்கும் ஒரு மணி நேர ஆலோசனை உதவும். பயத்தில் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீதியின் போக்கைத் தடுப்பது தனிக் குற்றம். அதற்கே 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு, அதாவது நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுவதற்கு, 15 ஆண்டு வரை சிறை விதிக்க முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், வழக்கறிஞர் இப்போதே வேண்டுமா என்ற தயக்கம் அவருக்கு வராது.

கேள்வி: 19 வயது மகனை நேற்றிரவு மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவினர் பிடித்துச் சென்றார்கள். நான் அவனைப் பார்க்க முடியுமா? வழக்கறிஞராவது பார்க்க முடியுமா?

உங்கள் நிலை புரிகிறது, அம்மா. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். கைதானவர் தாம் தேர்ந்தெடுத்த வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அந்த உரிமை கைதான நொடியிலேயே கிடைப்பதில்லை. விசாரணைக்குத் தேவையான நியாயமான கால அவகாசத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 48 மணி நேரத்துக்குள் அவனை நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட பிறகும், விசாரணைக்காக ஒரு தடவைக்கு 8 நாள் வரை காவலில் வைக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

அப்படியானால் இன்றே வழக்கறிஞரை அமர்த்துவதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். மகனைச் சந்திக்க அனுமதி கோரி அவர் விசாரணை அதிகாரிக்கு உடனே எழுதுவார். மகனுக்கு ஆஸ்துமாவோ மனநலச் சிகிச்சையோ இருந்தால் அதை எழுத்தில் தெரிவிப்பார். முதல் நாள் நீதிமன்றத்தில் அவன் பக்கம் பேச ஓர் ஆள் இருப்பார். அதிகாரியின் பெயர், தொலைபேசி எண், மகனின் மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை இன்றிரவே எடுத்து வையுங்கள்.

போதைப்பொருள் வழக்கில் முதல் சில மணி நேரத்தில் சொல்வதற்குத் தனிக் கனம் உண்டு. 15 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெராயினைக் கடத்தினால் மரண தண்டனை. போதைப்பொருளை எடுத்துச் செல்பவராக மட்டும் செயல்பட்டு, போதைப்பொருள் நடமாட்டத்தை முறியடிக்கக் கணிசமாக உதவியதாக அரசுத் தரப்பின் சான்றிதழ் கிடைத்தவருக்கு, 2013 முதல் ஆயுள் தண்டனையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. யார் கொடுத்தார்கள், எங்கே கொண்டு போனான், பையில் இருந்தது என்னவென்று தெரியுமா என்பவையெல்லாம் அங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். "வாயே திறக்காதே" என்று உறவினர்கள் சொல்லும் அறிவுரையும் ஆபத்தானது. குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி வாக்குமூலம் வாங்கும்போது, தற்காப்புக்கான ஒரு விவரத்தை அப்போது மறைத்துப் பின்னர் வழக்கில் வெளியிட்டால் நீதிபதி அதை நம்பும் வாய்ப்புக் குறையலாம் என்று எச்சரித்துத்தான் கேட்பார்கள். பேசுவதா, பேசாதிருப்பதா என்பது அவனது வழக்கின் விவரங்களைப் பொறுத்தது.

மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு வந்தால், குடியுரிமையும் வருமானமும் பாராமல், உச்ச நீதிமன்றத்தின் உதவித் திட்டத்தின் கீழ் வழக்கறிஞர்கள் இலவசமாக நியமிக்கப்படுவார்கள்.

கேள்வி: வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

சொல்லலாம்; சொல்லத்தான் வேண்டும். சட்ட ஆலோசனைக்காக நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிட முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் பொய் சொல்ல அவர் துணைபோக மாட்டார்.

கேள்வி: வணக்கம் ஐயா. வேலை அனுமதிச்சீட்டில் இருக்கிறேன். தங்குவிடுதிச் சண்டையில் என்னையும் பிடித்தார்கள். தமிழில் சொன்னேன், ஆங்கிலத்தில் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி என்ன செய்வது?

தம்பி, இன்றே ஒரு தாளில், நீங்கள் சொன்ன அதே தமிழ்ச் சொற்களில், அறையில் நடந்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள். ஒரு மாதம் போனால் நினைவு மங்கிவிடும். "கையில் கட்டை இருந்தது" என்பதும் "கட்டையால் அடித்தேன்" என்பதும் ஒன்றல்ல. சாதாரணக் காயம் விளைவித்தால் சிறை 3 ஆண்டு வரைதான். ஆபத்தான ஆயுதத்தால் கடுங்காயம் விளைவித்தால் 15 ஆண்டு வரை சிறையோ ஆயுள் தண்டனையோ, கூடவே பிரம்படியோ கிடைக்கலாம். இவ்வளவு பெரிய வித்தியாசம் சில நேரம் வாக்குமூலத்தின் ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவே காரணம்.

வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன் திருத்தம் கேட்கலாம். மறுபடி அழைத்தால் அவசரப்படாமல் கேட்டுத் திருத்துங்கள். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியிருந்தால், வழக்கின்போது அதை ஏற்கக் கூடாது என்று வழக்கறிஞர் வாதாட முடியும். காவல்துறை உங்கள் கடவுச்சீட்டை வைத்திருந்தால் ஊருக்குப் போக முயலாதீர்கள். வெளிநாட்டவருக்கும் உதவும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தை ப்ரோ போனோ எஸ்ஜி என்னும் இலவசச் சட்ட உதவி அமைப்பு நடத்துகிறது; முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வசதி குறைந்தவர்களாக இருந்தால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய பொதுத் தற்காப்பு அலுவலகத்தை நாடலாம்.

கேள்வி: தவறு செய்தது நான்தான். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். பிறகு வழக்கறிஞருக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

ஒப்புக்கொள்ள நினைக்கும் உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்பது முக்கியம். குற்றச்சாட்டைக் குறைக்கும்படியோ, பல குற்றச்சாட்டுகளில் சிலவற்றை மட்டும் முன்னெடுக்கும்படியோ, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு வழக்கறிஞர் விண்ணப்பக் கடிதம் எழுதலாம். இழப்பீடு செலுத்தியது, நோய், குடும்பச் சூழல் ஆகியவற்றுக்கான சான்றுகளைத் திரட்டவும் நாள்கள் தேவை.

காலமும் கணக்கில் வருகிறது. 2023 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள தண்டனை வழிகாட்டியின்படி, குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் பதிவுசெய்ய வழக்கு தயார் என அரசுத் தரப்பு அறிவித்த 12 வாரங்களுக்குள் ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையில் 30 விழுக்காடு வரை குறைப்புக் கிடைக்கலாம். வழக்கு நெருங்க நெருங்க அது 20, 10, 5 என்று இறங்கிவிடும். வழிகாட்டி நீதிபதிகளைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், அதை ஒட்டியே இரு தரப்பும் வாதாடுகின்றன. 11ஆவது வாரத்தில் என்னிடம் வருபவருக்காகக் கடிதம் எழுதி, பதில் வந்து, யோசித்து முடிவெடுக்க நாள் போதாது. குற்றச்சாட்டுத் தாள் கைக்கு வந்த வாரத்திலேயே வாருங்கள்.