‘மூணு பர்சன்ட்னா ஃபெயிலா டாக்டர்?’ ரத்தம் உறையும் ஃபேக்டர் டெஸ்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டையில் முப்பது வருஷமாக லேபில் உட்கார்ந்திருப்பவன் நான். சர்க்கரை, கொழுப்பு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் மக்களே படித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபேக்டர் ரிப்போர்ட் வந்தால் மட்டும் அப்படியே கவுன்ட்டரில் நிற்பார்கள். ஃபேக்டர் என்பது ரத்தத்தை உறைய வைக்கும் புரதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. போன மாதம் இதைப் பற்றிக் கேட்கச் சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

என் பையனுக்கு மூணு வயசு. முட்டி அடிக்கடி வீங்குது. ஃபேக்டர் 8 மூணு பர்சன்ட்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நூத்துக்கு மூணுன்னா ஃபெயிலா டாக்டர்? அடுத்த தடவ நாலு வந்தா தேறிட்டான்னு அர்த்தமா? (காசிமேடு)

இது பரீட்சை மார்க் இல்லை அம்மா. அந்த நூறு எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான பலருடைய ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை, அதாவது அணுக்களைப் பிரித்த பிறகு மிஞ்சும் திரவத்தை, எடுத்து ஒன்றாகக் கலந்து, அது உறையும் வேகத்தைத்தான் நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்கிறோம். அடுத்தது உங்கள் பையனின் பிளாஸ்மா. மஞ்சளாக, கஞ்சித் தெளிவு போல இருக்கும். அதை நீர்த்து, ஃபேக்டர் 8 மட்டும் துளியும் இல்லாத வேறொரு பிளாஸ்மாவோடு கலக்கிறோம். கலவையில் மற்ற ஃபேக்டர்கள் எல்லாம் இருக்கின்றன, எட்டாவது மட்டும் உங்கள் பையன்தான் கொடுக்க வேண்டும். பிறகு உறைய வைக்கும் மருந்தையும் கால்சியத்தையும் விட்டு, எத்தனை விநாடியில் கட்டியாகிறது என்று கருவி எண்ணுகிறது. அந்த விநாடியை அளவுகோல் கோட்டில் வைத்துப் பார்த்தால் சதவீதம் வந்துவிடும். அதனால் ரத்தத்தில் எத்தனை கிராம் ஃபேக்டர் இருக்கிறது என்பதை இது சொல்லாது. இருப்பது எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்லும்.

பொதுவாக 50லிருந்து 150 வரை சரியான அளவு. 5க்கு மேல் 40க்குள் என்றால் லேசான ஹீமோஃபிலியா, அதாவது ஃபேக்டர் குறைவால் ரத்தம் சரியாக உறையாத நோய். 1லிருந்து 5 வரை நடுத்தரம். 1க்கும் கீழே போனால் கடுமையானது, அடிபடாமலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். உங்கள் பையன் நடுத்தரம். 3 அடுத்த முறை 4 ஆனாலும், 4 போய் 2 ஆனாலும் ஒன்றுதான். அந்த அடிமட்டத்தில் ஒரு சதவீதம் கூடுவதும் குறைவதும் டெஸ்ட்டின் இயல்பு. பிறவியிலேயே மரபணுவில் இருக்கும் குறை, வயதோடு தேறி வராது.

நம்பரைவிட எனக்குக் கவலையாக இருப்பது நீங்கள் சொன்ன முட்டி வீக்கம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள், கட்டுப் போடவும் கூட்டிப் போகாதீர்கள். உள்ளே கசிந்திருப்பது ரத்தம். அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, அன்றைக்கே ஃபேக்டர் போட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் இரண்டும் கூடாது. இடுப்பில் ஊசி போடக் கையெடுத்தால் அங்கேயே தடுத்துச் சொல்லிவிடுங்கள். ஸ்டான்லியோ ஜி.எச்.சோ, எது பக்கமோ அங்கே பதிந்து வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டருக்குப் பணம் வாங்குவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் இருக்கிறது, சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

ஒரு லேப்ல ஃபேக்டர் 8 இருபத்தெட்டு, பத்து நாள் கழிச்சு இன்னொரு லேப்ல அறுபத்திரெண்டு. யார் சொல்றது பொய்? (திருவொற்றியூர்)

பொய் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ட்யூபுக்குள் இருந்தது என்னவோ அதைத்தான் இரண்டு கருவியும் சொல்லியிருக்கும்.

உறைதல் டெஸ்ட்டுக்கு இளநீல மூடி போட்ட ட்யூப். உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் அளந்து விட்டிருப்பார்கள். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. ட்யூபில் கோடு இருக்கும், ரத்தம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். குழந்தை அழுதது, நரம்பு கிடைக்கவில்லை என்று பாதியில் நிறுத்தினால் சிட்ரேட் கூடிப்போய், நல்ல ரத்தமும் மெதுவாக உறையும். ஊசியைக் குத்தித் தேடித்தேடி எடுத்தால் ட்யூபுக்குள் நூல் மாதிரி கட்டி விழுந்திருக்கும். கட்டிக்குள் ஃபேக்டர் செலவாகிப்போக, மிச்சம்தான் கருவிக்கு வரும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல வருஷம் முன்பு எண்ணூர்ப் பக்கமிருந்து ஒரு சாம்பிள் எங்களுக்கு வந்தது. ரத்தம் கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் டீ ஃப்ளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் ட்யூபைச் சொருகி, பஸ்ஸில் கொண்டு வந்திருந்தார் ஒரு பையன். ஃபேக்டர் 8 பத்தொன்பது என்று வந்தது, நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆளை நேரில் வரச்சொல்லி மறுபடி எடுத்தபோது அறுபதுக்கு மேல். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் ஃபேக்டர் 8ம், அதைத் தாங்கிப் பிடிக்கும் வான் வில்லிபிராண்ட் புரதமும் குறைந்துவிடும். அறை வெப்பத்தில் கொண்டு வந்து, நான்கு மணி நேரத்துக்குள் டெஸ்ட்டை முடிக்க வேண்டும். முடியாது என்றால் பிளாஸ்மாவைப் பிரித்து உறைநிலையில் வைக்க வேண்டும். ஃப்ளாஸ்க்கைப் பார்த்தும் கேட்காமல் விட்டது என் தப்பு. அன்றிலிருந்து ட்யூப் எப்படி வந்தது என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. காய்ச்சல், பயம், ஓட்டம், வீறிட்ட அழுகை எல்லாமே ஃபேக்டர் 8ஐத் தற்காலிகமாக ஏற்றிவிடும். ஆக உங்களுக்கு 28 தப்பாக இருக்கலாம், 62 தப்பாகவும் இருக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், லேபுக்கே போய், மூன்றாவது முறை எடுங்கள். கூடவே வான் வில்லிபிராண்ட் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் ஃபேக்டர் 8 குறையும். ‘ஓ’ குரூப்காரர்களுக்கு இரண்டுமே இயல்பாகவே கொஞ்சம் கீழேதான் இருக்கும்.

ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்ததில் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் டெஸ்ட்) 68 விநாடி. பிறகு ஃபேக்டர் 12 நாலு சதவீதம் என்றார்கள். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. எனக்கு இதுவரை ஒரு நாளும் ரத்தப்போக்கு வந்ததில்லை. (பெரம்பூர்)

ரயில்வேகாரர் கேட்டிருப்பது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். இந்தக் குறையை முதன்முதலில் கண்டுபிடித்ததும் ஒரு ரயில்வே தொழிலாளியிடம்தான். ஜான் ஹேக்மன் என்ற அமெரிக்கர், ரயிலில் பிரேக் பார்ப்பவர். அவருக்கும் ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்ட்டில்தான் தெரிந்தது, அவருக்கும் ரத்தப்போக்கே கிடையாது. 1955இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஃபேக்டர் 12க்கு இன்றும் ஹேக்மன் ஃபேக்டர் என்று ஒரு பெயர் உண்டு. கடைசியில், 1968இல், அவர் இறந்தது நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து.

ட்யூபுக்குள் உறைதலைத் தொடங்கி வைக்க 12 வேண்டும். உடம்புக்குள் ஏற்படும் காயத்துக்கு அது தேவைப்படுவதில்லை. அதனால் விநாடி எகிறும், ரத்தம் கசியாது. 8, 9, 11 மூன்றும் சரியாக இருக்கின்றன என்று ரிப்போர்ட்டில் பார்த்துக்கொண்டு, ரத்தவியல் மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பயந்து பிளாஸ்மா ஏற்ற வேண்டியதில்லை.

பையனுக்குச் சுன்னத் வைக்க நாள் பார்த்தாச்சு. என் மச்சானுக்குப் பல்லு புடுங்கினப்ப மூணு நாள் ரத்தம் நிக்கல. பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம் ரெண்டும் எடுத்தோம், நார்மல். போதும்தானே? (பழைய வண்ணாரப்பேட்டை)

போதாது பாய். நாளைத் தள்ளி வையுங்கள். மச்சான் என்று நீங்கள் எழுதியிருப்பது மனைவியின் உடன்பிறந்தவரை என்று எடுத்துக்கொள்கிறேன். பையனின் தாய்மாமனுக்கு ரத்தம் நிற்கவில்லை என்பது எந்த ரிப்போர்ட்டையும்விடப் பெரிய தகவல். ஹீமோஃபிலியா தாய்வழியில்தான் பையன்களுக்கு வருகிறது. பிளீடிங் டைம் தட்டணுக்களைப் பார்க்கும் டெஸ்ட், ஹீமோஃபிலியாவில் அது சரியாகவே இருக்கும். கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் கிளாட்டிங் டைம் மிகவும் மொண்ணையானது, கடுமையான குறையைத்தான் பிடிக்கும். முப்பது சதவீதம் இருப்பவருக்கு ஏ.பி.டி.டி.கூடச் சில சமயம் நார்மல் என்றே வரும். நேரடியாக ஃபேக்டர் 8, ஃபேக்டர் 9 இரண்டையும் எடுங்கள். முடிந்தால் மச்சானுக்கும். குறை இருந்தாலும் சுன்னத் நின்றுபோகாது. ஃபேக்டர் கையிருப்புள்ள ஆஸ்பத்திரியில், முன்கூட்டியே போட்டுவிட்டுச் செய்யலாம். வீட்டில் வைத்து மட்டும் வேண்டாம்.

என் அப்பாவுக்கு ஹீமோஃபிலியா ஏ (ஃபேக்டர் 8 குறை). எனக்கு ஃபேக்டர் 8 எழுபத்தி நாலு. அப்போ நான் கேரியர் இல்லைதானே? அத்தை பையனைப் பேசியிருக்காங்க. (வியாசர்பாடி)

கேரியர்தான் தாயி, அதாவது குறையைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவள். அப்பாவிடமிருந்து மகளுக்குப் போவது அவருடைய ஒரே எக்ஸ் குரோமோசோம், அதில்தான் அந்தக் குறை. டெஸ்ட்டே எடுக்காமல் சொல்லிவிடலாம். உன் இன்னொரு எக்ஸ் நன்றாக வேலை செய்வதால் 74 இருக்கிறது. சில கேரியர்களுக்கு நாற்பதுக்கும் கீழே போவதுண்டு. அவர்களுக்கு மாதவிலக்கில் அதிகம் போகும், பிரசவத்திலும் பல் பிடுங்கும்போதும் கவனம் வேண்டும். உனக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அத்தை பையன் விஷயம். அத்தையும் கேரியராக இருக்கலாம், ஆனால் அந்தப் பையனின் ஃபேக்டர் 8 சரியாக இருந்தால் அவரிடம் இந்தக் குறை இல்லை. ஆணுக்கு ஒளிந்திருந்து வராது. எனவே ஹீமோஃபிலியா கணக்கில் அவரும் அசலாரும் ஒன்றுதான். ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு, கர்ப்பத்துக்கு முன்பே மரபணுப் பரிசோதனையைப் பேசி வைத்துக்கொள்.

நானும் கேரியர். முதல்ல 38 இருந்துச்சு, இப்ப எட்டாம் மாசத்துல 130. சரியாயிடுச்சா? (ராயபுரம்)

கர்ப்பத்தில் ஃபேக்டர் 8 ஏறும், எல்லாருக்கும். பிரசவத்துக்கு அது நல்லதுதான். ஆனால் குழந்தை பிறந்த பிறகு பழைய அளவுக்கே இறங்கிவிடும், ரத்தப்போக்கு சில வாரம் கழித்துக்கூட வரலாம். பழைய 38 ரிப்போர்ட்டைப் பிரசவ அட்டையோடு குத்தி வையுங்கள். பையனாக இருக்கலாம் என்பதால் ஆயுதம் போட்டோ வாக்குவமில் இழுத்தோ எடுக்க வேண்டாம் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

பிறந்து நாலு நாளான பேரனுக்கு ஃபேக்டர் 9 இருபத்திரெண்டு. ‘கிறிஸ்துமஸ் நோயா இருக்கலாம்’ங்கிறாங்க. எங்க வீட்ல யாரும் கிறிஸ்தவங்க இல்லையே? (எண்ணூர்)

பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா. 1952இல் ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற சிறுவனை வைத்து ஃபேக்டர் 9 குறைவால் வரும் இந்த நோயை அடையாளம் கண்டார்கள், அவன் குடும்பப் பெயர் அது. பிறந்த குழந்தைகளுக்கு ஃபேக்டர் 9 குறைவாகத்தான் இருக்கும், 22 என்பது அந்த வயதுக்கு ஏற்ற எண்தான். குடும்பத்தில் யாருக்கும் இல்லை, ரத்தமும் கசியவில்லை என்றால் ஆறு மாதத்தில் மறுபடி எடுங்கள்.

பையன் 25 கிலோ. 500 யூனிட் ஃபேக்டர் 8 போட்டாங்க. அரை மணியில எடுத்தா ஒன்பதுதான் இருக்கு. (மணலி)

கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ஃபேக்டர் 8 இரண்டு சதவீதம் ஏறும். 500ஐ 25ஆல் வகுத்தால் கிலோவுக்கு 20, ஆக நாற்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். பாட்டில் வெயிலில் கிடந்ததா, முழு மருந்தும் ஏறியதா என்று பாருங்கள். அதில் கோளாறு இல்லை என்றால் உடம்பு ஃபேக்டரையே எதிரியாக நினைத்து அடிக்கிறது. இதை இன்ஹிபிட்டர் என்பார்கள். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பெதஸ்டா டெஸ்ட் கேளுங்கள். பையனின் பிளாஸ்மாவை நல்ல பிளாஸ்மாவோடு கலந்து 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். இன்ஹிபிட்டர் பாதி ஃபேக்டரைச் சாப்பிட்டால் அது ஒரு பெதஸ்டா யூனிட். ஐந்துக்கு மேல் போனால் இந்த ஃபேக்டரைக் கூட்டிப் போட்டுப் பயனில்லை, மாற்று மருந்து வேண்டும். தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் ஊசியைத் தொடங்கினால், லேபில் மறக்காமல் சொல்லுங்கள். அது இருக்கும்போது சாதாரண முறையில் எடுத்த ஃபேக்டர் 8 பொய்யாக உயர்ந்து காட்டும்.

அக்கா மகளைக் கட்டியிருக்கேன். குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்துல பத்து நாளா கசிவு. எல்லா உறைதல் டெஸ்ட்டும் நார்மல்னுட்டாங்க. (கொடுங்கையூர்)

இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே போன் செய்தோம். மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். கட்டியை இறுக்கிப் பூட்டுவது ஃபேக்டர் 13. அது இல்லாவிட்டாலும் ரத்தம் நேரத்துக்கு உறைந்துவிடும், அதனால் புரோத்ராம்பின் டைமும் ஏ.பி.டி.டி.யும் நார்மல். ஆனால் அந்தக் கட்டி நிலைக்காது. உறைந்த கட்டியை யூரியா கரைசலில் போட்டு வைக்கும் ஒரு டெஸ்ட் உண்டு, 13 இல்லாதவர் கட்டி கரைந்து காணாமல் போய்விடும். பெற்றோர் இருவரிடமும் பாதி பாதி இருந்தால்தான் இது வரும் என்பதால் சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதல். இவர்களுக்குத் தலைக்குள் ரத்தம் கசிவதுதான் பெரிய ஆபத்து. நல்ல வேளையாக ஃபேக்டர் 13 உடம்பில் பல நாள் தங்கும், மாதம் ஒரு முறை ஏற்றினாலே காப்பாற்றலாம்.

டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரணுமா? (மிஞ்சூர்)

வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டே வாங்க. எண்ணெயில் மிதக்கும் பூரியும் வடகறியும் மட்டும் அன்றைக்கு வேண்டாம், பிளாஸ்மா பால் மாதிரி கலங்கிப்போனால் கருவிக்குக் கட்டி விழுவது சரியாகத் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அட்டையோடு எடுத்து வாருங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்திருந்தால் வெளியே பெஞ்சில் இருபது நிமிஷம் உட்காருங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்.